ஒரு திரையில் சொடுக்கினால் அடுத்த திரைக்கு எப்படித் தெரிகிறது?

ராஃபிள்ஸ் பிளேஸ், மரினா பே வட்டாரத்தில் வங்கிகளிலும் பங்குத் தரகு நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களின் மேசையைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே கணினி. ஆனால் திரைகள் மூன்றோ நான்கோ இருக்கும். ஒன்றில் பங்கு விலை, இன்னொன்றில் வரைபடம், அடுத்ததில் வாடிக்கையாளர் பட்டியல், ஓர் ஓரத்தில் செய்தி.

இவற்றில் பெரும்பாலானவை இப்போது இணையச் செயலிகள். அதாவது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டு உலாவியிலோ உலாவியை உள்ளே வைத்த ஒரு சட்டத்திலோ ஓடுபவை. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறுவனம் தயாரித்திருக்கும். ஒன்றுக்கு இன்னொன்றைத் தெரியாது.

அதனால் என்ன ஆகிறது? விலைத் திரையில் ஒரு பங்கைப் பார்க்கிறவர், அதன் குறியீட்டை நகலெடுத்து வரைபடத் திரையில் ஒட்டுகிறார். பிறகு செய்தித் திரையில் மறுபடியும் தட்டுகிறார். ஒரு நாளைக்கு நூறு முறை. கை வலிப்பது சின்ன விஷயம். ஒரு திரையை மாற்ற மறந்துவிட்டால், ஒரு நிறுவனத்தின் விலையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு நிறுவனத்தின் பங்குக்கு ஆணை போட்டுவிடலாம்.

மறுபடி மறுபடி தட்டுவதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு 2005 டிசம்பர் 8 அன்று தோக்கியோவில் நடந்ததைச் சொல்வார்கள். ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்க வேண்டும். மிசுஹோ செக்கியூரிட்டீஸ் நிறுவனத்தில் தட்டியதோ 610,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்கும் ஆணை. இழப்பு சுமார் 40 பில்லியன் யென். அது இரண்டு கட்டங்களில் எண்கள் இடம் மாறிய கதை. திரைகள் இணைந்திருந்தால் அது நடந்திருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மனிதர் கையால் ஒரு தகவலை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் அந்த வாசல் திறக்கிறது.

திரைகள் தாமாகவே பேசிக்கொண்டால்? அதைத்தான் இந்த விளக்கத்தில் பார்க்கப்போகிறோம்.

சூழல் தரவு என்றால் என்ன?

‘இப்போது எதைப் பற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற சின்னக் குறிப்புதான் சூழல் தரவு. மென்பொருள் துறையில் ‘கான்டெக்ஸ்ட்’ என்பார்கள். முழு விலைப்பட்டியலோ வாடிக்கையாளரின் மொத்தக் கோப்போ அல்ல. ‘இந்தப் பங்கு’, ‘இந்த ஆள்’, ‘இந்த நிறுவனம்’ என்று சுட்டிக்காட்டும் விரல் மட்டும்.

தேக்கா நிலையத்தில் பானக் கடையில் நின்று பாருங்கள். ஆர்டர் எடுப்பவர் “தே சி கொசோங்!” என்று குரல் கொடுக்கிறார். உள்ளே கலக்குபவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆவியாக்கிய பால் ஊற்றிய, சர்க்கரை போடாத தேநீர் வந்துவிடுகிறது. யார் கேட்டார், எந்த மேசை என்ற கதையெல்லாம் அந்தக் குரலில் இல்லை. வேண்டிய மூன்று சொல் மட்டும்தான். இரண்டு பேருக்கும் அந்தச் சொற்களின் பொருள் முன்கூட்டியே தெரியும் என்பதால் வேலை நடக்கிறது.

சென்னையிலிருந்து நேற்று வந்து இறங்கியவர் அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால்? குரல் கேட்கும். பொருள் புரியாது. ‘தே’ என்று மட்டும் சொன்னால் இங்கே கெட்டிப்பால் சேர்த்தது, ‘தே ஓ’ என்றால் பால் இல்லாதது என்பதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செயலிகளின் நிலையும் அப்படித்தான். முதலில் குரல் போய்ச் சேர வேண்டும். பிறகு அது சரியாகப் புரிய வேண்டும். முதல் சிக்கல் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இரண்டாவதுதான் இன்றும் ஆட்களை அலைக்கழிக்கிறது.

உலாவி ஏன் குறுக்கே நிற்கிறது?

ஜாவாஸ்கிரிப்ட் 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. எழுதியவர் பிரெண்டன் ஐக். கொஞ்ச நாளிலேயே ஒரு கட்டுப்பாடும் கூடவே வந்தது. ஒரு தளத்திலிருந்து வந்த நிரல், வேறொரு தளத்தின் பக்கத்துக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது. ‘ஒரே மூலம்’ கொள்கை என்பார்கள். முகவரியின் தொடக்கம், தளப் பெயர், துறை எண் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே மூலம்.

இந்தக் கொள்கை இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும். ஒரு பக்கம் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்துத் தாவலில் சமையல் குறிப்பு. அந்தச் சமையல் பக்கம் உங்கள் கணக்கிருப்பைப் படித்துவிடலாம்! ஆகவே உலாவி குறுக்கே நிற்பது நம் நன்மைக்குத்தான்.

உலாவிக்கு முந்தைய மேசைக் கணினி மென்பொருள்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1987லேயே மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் ‘டைனமிக் டேட்டா எக்ஸ்சேஞ்ச்’ என்ற வசதி இருந்தது. சந்தை விலை நேராக எக்செல் கட்டத்துக்குள் வந்து மாறிக்கொண்டே இருக்கும். வயதான தரகர்கள் சிலர் அதை இன்றும் ஆசையாக நினைவுகூர்வார்கள். எல்லாம் உலாவிக்கு மாறியபோது, நிறுவவும் புதுப்பிக்கவும் சுலபமானது. ஆனால் பக்கத்து மென்பொருளோடு பேசும் வசதி போய்விட்டது.

ஜாவாஸ்கிரிப்ட் தரும் வழிகள்

ஒரே தளத்தின் இரண்டு தாவல்கள் பேசிக்கொள்வது எளிது. பழைய வழி, உலாவியின் ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்ற சேமிப்பிடத்தில் ஒரு குறிப்பை எழுதி வைப்பது. எழுதியதும் அதே தளத்தின் மற்ற தாவல்களுக்கு ‘ஸ்டோரேஜ்’ என்ற நிகழ்வு போகும். எழுதிய தாவலுக்கு மட்டும் போகாது. புதிதாக எழுதுபவர்கள் இதில் தடுமாறுவது வழக்கம். எழுத்துச் சரமாக மட்டும்தான் வைக்க முடியும், இடமும் சுமார் 5 எம்பி.

அதைவிட நேர்த்தியானது ‘பிராட்காஸ்ட் சேனல்’. பெயர் சொல்வதுபோலவே வானொலி அலைவரிசை மாதிரி. ஒரே பெயரில் அலைவரிசையைத் திறந்திருக்கும் எல்லாத் தாவல்களுக்கும் செய்தி போய்விடும். ஃபயர்ஃபாக்ஸில் 2015லும் குரோமில் 2016லும் வந்துவிட்டது. சஃபாரியில் வர 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதுவும் ஒரே மூலத்துக்குள்தான் வேலை செய்யும்.

வேறு வேறு தளங்கள் பேச வேண்டும் என்றால் ‘போஸ்ட் மெசேஜ்’. ஒரு சாளரம் இன்னொரு சாளரத்தைத் திறந்திருந்தாலோ, தனக்குள் பதித்து வைத்திருந்தாலோ அதற்குச் செய்தி அனுப்பலாம். இங்கே கவனம் வேண்டும். அனுப்பும்போது யாருக்கு என்று முகவரி எழுத வேண்டும். பலர் சோம்பலில் நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறார்கள். ‘யார் அங்கே இருந்தாலும் கொடுத்துவிடு’ என்று அதற்குப் பொருள். அதேபோல், வாங்கும் பக்கம் செய்தி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று பார்க்காமல் நம்பிவிடுவதும் நடக்கிறது. கதவைத் தட்டியவர் யார் என்று பார்க்காமல் திறப்பதற்கு அது சமம்.

‘பிராட்காஸ்ட் சேனல்’ ஆனாலும் ‘போஸ்ட் மெசேஜ்’ ஆனாலும் அனுப்புவது நகல்தான். எண், எழுத்து, பட்டியல், தேதி எல்லாம் நகலாகும். செயற்கூறுகள் நகலாகாது. பிழை காட்டும். ஆகவே சூழல் தரவு எளிய, தட்டையான தகவலாக இருக்க வேண்டும் என்பது தொழில்நுட்பமே விதிக்கும் நிபந்தனை.

இன்னொன்று. ஒரு தளத்துக்குள் இன்னொரு தளத்தைப் பதித்து, அதன் சேமிப்பிடம் வழியாகப் பேசவைக்கும் தந்திரம் ஒரு காலத்தில் வேலை செய்தது. குரோம் 2023ல், 115ஆம் பதிப்பில், அந்தச் சேமிப்பிடத்தை மேலே இருக்கும் தளத்தின்படி பிரித்து வைக்கத் தொடங்கியது. விளம்பர நிறுவனங்கள் ஆட்களைப் பின்தொடர்வதைத் தடுப்பது நோக்கம். அந்தத் தந்திரத்தை நம்பி எழுதப்பட்ட அலுவலகச் செயலிகளும் சேர்ந்து அடிவாங்கின.

நிதித்துறை கண்ட வழி

வங்கிகளுக்கு இது பெரிய தலைவலி என்பதால் அங்கேயே ஒரு பொதுத்தரமும் பிறந்தது. எஃப்டிசி3 என்று பெயர். 2017ல் ஓப்பன்ஃபின் நிறுவனம் தொடங்கிவைத்தது. 2018ல் ஃபினோஸ் என்ற நிதித்துறைத் திறந்த மென்பொருள் அறநிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த அறநிறுவனம் 2020ல் லினக்ஸ் அறநிறுவனத்தின் கீழ் வந்தது. போட்டி நிறுவனங்களும் ஒரே மேசையில் உட்கார இப்படிப்பட்ட பொது இடம் தேவைப்பட்டது.

அதன் அமைப்பு சுவாரஸ்யமானது. செயலிகள் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ‘டெஸ்க்டாப் ஏஜன்ட்’ என்ற இடைத்தரகர் இருக்கிறார். எல்லாரும் அவரிடம் சொல்வார்கள், அவரிடம் கேட்பார்கள். எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி உண்டு, அவற்றுக்கு என்னென்ன செய்யத் தெரியும் என்ற பட்டியலும் அவரிடம் இருக்கும்.

பயனீட்டாளருக்குத் தெரிவது நிறங்கள் மட்டுமே. பரிந்துரைக்கப்பட்ட எட்டு அலைவரிசைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். விலைத் திரையையும் வரைபடத் திரையையும் சிவப்பில் சேர்த்துவிட்டால் அவை இரண்டும் கூட்டாளிகள். விலைத் திரையில் ஒரு பங்கைச் சொடுக்கினால் வரைபடம் தானாக மாறும். செய்தித் திரையைப் பச்சையில் விட்டால் அது தன் போக்கில் இருக்கும். பின்னால் சேருகிற செயலியும் கடைசியாகச் சொல்லப்பட்டது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளும்.

நிரலாளருக்கு இரண்டு கட்டளைகள் முக்கியம். ‘பிராட்காஸ்ட்’ என்றால் அலைவரிசையில் அறிவிப்பது. ‘ஆட் கான்டெக்ஸ்ட் லிசனர்’ என்றால் காது கொடுப்பது. எந்த வகைச் செய்திக்குக் காது கொடுக்கிறோம் என்பதையும் சொல்லலாம். வரைபடச் செயலி பங்குகளைப் பற்றிய அறிவிப்பை மட்டும் கேட்கும். ஆட்களைப் பற்றிப் பேசினால் அது அசையாது.

அறிவிப்பது மட்டுமல்ல, வேலை ஏவவும் முடியும். ‘இந்தப் பங்குக்கு வரைபடம் காட்டு’, ‘இவரை அழை’ என்று சொன்னால், அதைச் செய்யத் தெரிந்த செயலியை இடைத்தரகர் தேடிக் கொடுப்பார். பல இருந்தால் எது வேண்டும் என்று உங்களிடமே கேட்பார்.

2022 ஜூலையில் இரண்டாம் பதிப்பு வந்தது. இரண்டே செயலிகள் தமக்குள் பேசும் தனி அலைவரிசையும், அறிவித்த செயலி எது என்று தெரிந்துகொள்ளும் வசதியும் அதில் வந்தன. அதுவரை பெரும்பாலும் இதற்கென்று தனிச் சட்டக மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. 2025ல் வந்த 2.2 பதிப்பு சாதாரண உலாவியிலேயே இது நடக்க வழிசெய்தது. உள்ளே ஓடுவது என்னவோ நாம் மேலே பார்த்த அதே ‘போஸ்ட் மெசேஜ்’தான்.

குரல் போய்ச் சேர்ந்தது. பொருள்?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

டிபிஎஸ் பங்கை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் அதன் குறியீடு டி05. புளூம்பெர்க் முனையத்தில் ‘டிபிஎஸ் எஸ்பி’. ராய்ட்டர்ஸ் வழியில் ‘டிபிஎஸ்எம்.எஸ்ஐ’. அனைத்துலகப் பங்கு அடையாள எண்ணான ஐசின்படி ‘எஸ்ஜி1எல்01001701’. நான்கும் ஒரே பங்கு. விலைத் திரை டி05 என்று அறிவித்து, செய்தித் திரைக்குப் புளூம்பெர்க் குறியீடு மட்டும்தான் தெரியும் என்றால், அது முழிக்கும்.

அதனால் எஃப்டிசி3ல் ஒரு பங்கைச் சொல்லும்போது ஒரே ஒரு பெயர் சொல்வதில்லை. முதலில் ‘வகை’ என்ற வரி. இது ஒரு பங்கு அல்லது பத்திரம் என்று அது சொல்லும். பிறகு மனிதர் படிக்க ஒரு பெயர். பிறகு ‘அடையாளம்’ என்ற பெட்டி. அதற்குள் தெரிந்த குறியீடுகளை எல்லாம் போடலாம். வாங்குபவர் தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வார். பல பெயர் உள்ள ஒருவரை அறிமுகப்படுத்தும்போது வீட்டுப் பெயர், பள்ளிப் பெயர், அடையாள அட்டைப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதைப் போல.

நிறையக் குறியீடு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. ‘புருடென்ஷியல்’ காப்புறுதி நிறுவனத்தைப் பாருங்கள். சிங்கப்பூரில் நிறையப் பேருக்குத் தெரிந்த பெயர். லண்டனைத் தலைமையாகக் கொண்டு தொடங்கிய அந்த நிறுவனத்தின் பங்கு லண்டன் சந்தையில் ‘பிஆர்யு’. நியூயார்க்கிலும் ‘பிஆர்யு’ என்று ஒரு பங்கு இருக்கிறது. அதன் பெயரும் புருடென்ஷியல்தான். ஆனால் அது அமெரிக்காவின் வேறொரு நிறுவனம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆக, பெயர் ஒன்று, குறியீடும் ஒன்று, பங்கு மட்டும் வேறு. ஒரு திரை ‘பிஆர்யு’ என்று மட்டும் குரல் கொடுத்தால் மற்றத் திரை எதைக் காட்டும்? அதை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்பதைப் பொறுத்தது!

சரி, ஐசின் போட்டால் போதுமா? அதிலும் ஒரு சிக்கல். லண்டன் புருடென்ஷியல் 2010ல் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் பட்டியலிடப்பட்டது. சிங்கப்பூரில் அதன் குறியீடு கே6எஸ். ஹாங்காங்கில் 2378. மூன்று இடத்திலும் ஐசின் ஒன்றே. ஆனால் லண்டனில் விலை பென்ஸில், ஹாங்காங்கில் ஹாங்காங் வெள்ளியில். ஆகவே எந்தச் சந்தை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் அனைத்துலகக் குறியீடு உண்டு. சிங்கப்பூர்ப் பங்குச் சந்தைக்கு ‘எக்ஸ்எஸ்இஎஸ்’.

இதெல்லாம் கணினிக்காரர்களின் நுணுக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மனிதர்களே பெயரில் தடுமாறி இருக்கிறார்கள். 2013 அக்டோபரில் டுவிட்டர் பங்கு வெளியீட்டுக்குத் தயாரானபோது, நொடித்துப்போன ‘டுவீட்டர்’ என்ற மின்னணுப் பொருள் கடையின் பங்கை ஆட்கள் வாங்கித் தள்ளினார்கள். விலை ஒரே நாளில் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. 2020 மார்ச்சில், கோவிட்-19 காலத்தில், ஸூம் காணொளி நிறுவனத்தின் பங்கு என்று நினைத்து ‘ஸூம் டெக்னாலஜிஸ்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பங்கை வாங்கினார்கள். அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பே தலையிட்டு அந்தப் பங்கின் வர்த்தகத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. கண்ணால் பார்க்கும் மனிதருக்கே இந்தக் கதி. பெயரை மட்டும் வைத்துப் பொருத்திப் பார்க்கும் செயலியைச் சொல்ல வேண்டுமா?

ஆள் பெயர் இன்னும் மோசம்

எஃப்டிசி3ல் ஆட்களைச் சொல்லவும் ஒரு வகை உண்டு. அதில் ‘பெயர்’ என்று ஒரே வரி. அடையாளப் பெட்டியில் மின்னஞ்சல் போடலாம். ஒரே வரி என்பது நம்மவர்களுக்கு நல்லதுதான். ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம் கேட்கும் படிவங்களில் தமிழர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும்.

ராமன் என்று ஒருவர், அப்பா பெயர் கிருஷ்ணன் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் அடையாள அட்டையில் இரண்டுக்கும் நடுவே ‘மகன்’ என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளும் சாய்கோடும். மலேசியாவில் பிறந்திருந்தால் மலாய் மொழியில் அதற்கான வேறு எழுத்துகள். தமிழகத்தவரின் இந்தியக் கடப்பிதழில் முன்னெழுத்தை விரித்து எழுதி இருப்பார்கள், சிலருக்கு அப்பா பெயர் முன்னால், சிலருக்குப் பின்னால். ஒரு செயலி ‘கிருஷ்ணன்’ என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று சாய்கோட்டை ஏற்காமல் வெட்டிவிடும்.

ஒரு செயலி பெயரை அறிவித்து, மற்றது அந்தப் பெயரை வைத்தே ஆளைத் தேடினால் மூன்று விளைவுகள். ஆள் கிடைக்கலாம். கிடைக்காமல் போகலாம். மூன்றாவதுதான் பயங்கரம்: அதே பெயர் உள்ள வேறொருவர் கிடைக்கலாம். திரையில் ‘ராமன்’ என்று இருப்பதால் ஊழியருக்குச் சந்தேகமும் வராது.

ஆகவே பெயரைக் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், தேடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்பது அனுபவமுள்ள நிரலாளர்கள் சொல்லும் முதல் பாடம்.

எதை வைத்துத் தேடுவது? சிங்கப்பூரில் உடனே மனத்தில் தோன்றுவது அடையாள அட்டை எண். தனித்தன்மை உள்ளது, மாறாதது. ஆனால் அதை அலைவரிசையில் அறிவிப்பது வேறு விதமான பிரச்சினை. நிறுவனங்கள் சட்டத் தேவை இல்லாமல் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. 2024 டிசம்பரில் புதிய பிஸ்ஃபைல் இணையவாசலில் பெயரைத் தேடினால் முழு அடையாள அட்டை எண்ணும் தெரிந்தது. மக்களிடையே பெரும் சலசலப்பு. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அப்போது ஒரு விஷயம் பரவலாகப் பேசப்பட்டது: அந்த எண் ஓர் ஆள் யார் என்று சுட்டிக்காட்டத்தான், அந்த ஆள்தான் இவர் என்று நிரூபிக்க அல்ல. மறைச்சொல்லாக அதைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

அந்த வேறுபாடு நம் தலைப்புக்கும் அப்படியே பொருந்தும். சூழல் தரவில் போகும் அடையாளம் சுட்டிக்காட்டினால் போதும். அலுவலகத்துக்குள் மட்டும் பொருள் உள்ள ஒரு வாடிக்கையாளர் எண் இருந்தால் அதுவே சிறந்தது. வெளியே கசிந்தாலும் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. கணக்கிருப்பு, தொலைபேசி எண், முகவரி எதுவும் கூடவே போக வேண்டியதில்லை. வாங்கும் செயலி தன் அனுமதியைக் காட்டித் தன் வழங்கியிடமிருந்து அவற்றைக் கேட்டு வாங்கட்டும். அனுமதி இல்லை என்றால் ஒன்றும் கிடைக்காது. அதுதானே வேண்டும்?

யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

அலைவரிசையில் அறிவிப்பது ஒலிபெருக்கியில் சொல்வது மாதிரி. அந்த நிறத்தில் சேர்ந்திருக்கும் எல்லாச் செயலிகளுக்கும் கேட்கும். அவற்றில் ஒன்று வெளி நிறுவனம் தயாரித்ததாக இருக்கலாம். வாடிக்கையாளரின் பெயரும் மின்னஞ்சலும் அதன் வழங்கிக்குப் போய்ப் பதிவாகலாம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாவிட்டாலும் நடக்கும்.

சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ல் இயற்றப்பட்டது. 2021 பிப்ரவரி முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தாலோ கசிவால் கடும் பாதிப்பு ஏற்படக்கூடும் என்றாலோ ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். நிதி நிறுவனங்களுக்கு இதற்கு மேல் சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் தொழில்நுட்ப இடர் நிர்வாக வழிகாட்டிகளும் உண்டு. திருத்திய பதிப்பு 2021 ஜனவரியில் வந்தது. ‘இரண்டு சாளரங்கள் தமக்குள் பேசிக்கொண்டன, அவ்வளவுதான்’ என்ற பதில் அங்கே எடுபடாது.

நம் சிங்பாஸ் வழி இயங்கும் மைஇன்ஃபோவோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே ஒரு நிறுவனம் என்னென்ன தகவல் கேட்கிறது என்று உங்களுக்குக் காட்டி, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் படிவம் நிரம்பும். மேசைக் கணினியில் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஊழியர். தகவல் வாடிக்கையாளருடையது. அவருக்கு அங்கே எட்டு நிறம் இருப்பதே தெரியாது. ஆகவே பொறுப்பு முழுக்க நிறுவனத்தின் தலையில்.

இது என் கருத்து: பங்குகளுக்கு ஒலிபெருக்கி சரி. ஆட்களுக்குக் கூடாது. ஆட்களைப் பற்றிய தகவலுக்கு, குறிப்பிட்ட செயலியைப் பெயர் சொல்லி ஏவும் வழியோ தனி அலைவரிசையோதான் பொருத்தம். கொஞ்சம் கூடுதல் வேலை. செய்யலாம்.

பழைய தகவல் புதிய தலைப்பின் கீழ்

ஒரு பிழை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. பார்த்தால் பிழை மாதிரியே இருக்காது.

நீங்கள் டி05ஐச் சொடுக்குகிறீர்கள். வரைபடச் செயலி அதன் விலைகளைக் கேட்டு வழங்கிக்கு ஆள் அனுப்புகிறது. பதில் வருவதற்குள் மனம் மாறி, யுஓபி பங்கான யு11ஐச் சொடுக்குகிறீர்கள். அதற்கும் ஆள் போகிறது. இரண்டாவது ஆள் சீக்கிரம் திரும்பிவிட்டார். யுஓபி வரைபடம் வருகிறது. பிறகு முதல் ஆள் மெதுவாக வந்து சேர்ந்து, டிபிஎஸ் விலைகளை அதே இடத்தில் கொட்டிவிட்டுப் போகிறார். தலைப்பில் யுஓபி. கீழே டிபிஎஸ். இரண்டுமே வங்கி, இரண்டுமே சிங்கப்பூர், வரைபடத்தின் வடிவமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். யார் கண்டுபிடிப்பார்?

ஜாவாஸ்கிரிப்டில் தீர்வு கடினமில்லை. புதிய சூழல் வந்ததும் பழைய வேண்டுகோளை ‘அபார்ட் கன்ட்ரோலர்’ கொண்டு ரத்து செய்துவிடலாம். அல்லது ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் வரிசை எண் கொடுத்து, திரும்பி வரும்போது கடைசி எண்தானா என்று சரிபார்க்கலாம். இல்லை என்றால் குப்பையில் போடலாம். இரண்டு மூன்று வரி நிரல். ஆனால் சோதனை செய்யும்போது அலுவலக இணையம் வேகமாக இருப்பதால் பிழை வெளியே வருவதே இல்லை. வாடிக்கையாளரிடம் போன பிறகுதான் வரும்.

இதற்கு ஒன்றுவிட்ட தம்பி இன்னொரு பிழை. சூழலைக் கேட்ட செயலி தன் திரையை மாற்றிக்கொள்கிறது. திரை மாறியதும் ‘பங்கு மாறிவிட்டது’ என்று அதுவும் அறிவிக்கிறது. அதைக் கேட்டு முதல் செயலி மறுபடி அறிவிக்கிறது. இரண்டும் சளைக்காமல் மாறி மாறிக் கத்திக்கொண்டே இருக்கும். மனிதர் சொடுக்கினால் மட்டும் அறிவி, கேட்டதைத் திருப்பிச் சொல்லாதே என்ற விதியை எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

வங்கிகளுக்கு மட்டும்தானா?

இல்லை. சிராங்கூன் சாலைப் பக்கம் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை. வரிசை வாசல் வரை. முகப்பில் இருப்பவர் ஒரு தாவலில் வாடிக்கையாளர் பதிவைத் திறக்கிறார், இன்னொன்றில் அன்றைய நாணய மாற்று விகிதம், மூன்றாவதில் பணம் அனுப்பும் படிவம். முந்தைய வாடிக்கையாளரின் பதிவு ஒரு தாவலில் அப்படியே இருக்க, புதியவரின் பணம் போனால், அது ஒரு மாதச் சம்பளத்தின் பெரும் பகுதியாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட கடைக்கு எஃப்டிசி3 எல்லாம் தேவைப்படாது. மூன்று தாவல்களும் ஒரே தளத்தில் இருந்தால் ‘பிராட்காஸ்ட் சேனல்’ போதும். நிரலாளரிடம் கேட்க வேண்டியவை இவ்வளவுதான். தாவல்களுக்குள் பெயர் போகிறதா, வாடிக்கையாளர் எண் போகிறதா? ஒரு தாவல் மாறி மற்றது மாறவில்லை என்றால் அது கண்ணுக்குத் தெரியுமா? எண்கள் பொருந்தாதபோது ‘அனுப்பு’ பொத்தான் தானாக அணைந்துவிடுமா? அடுத்த வாடிக்கையாளரை அழைக்கும்போது பழைய சூழல் மூன்று தாவல்களிலும் துடைக்கப்படுகிறதா?

கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘இவரைப் பார்’ என்று சொல்ல வழி வைப்பார்கள். ‘இப்போது யாரும் இல்லை’ என்று சொல்ல வழி வைப்பதில்லை. ஒரு வாடிக்கையாளர் எழுந்து போனதற்கும் அடுத்தவர் வந்து உட்காருவதற்கும் நடுவே உள்ள அரை நிமிடத்தில் மூன்று திரைகளும் காலியாக இருக்க வேண்டும். அதற்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.